முயல் கூண்டின் கால் ஏன் இற்றது?

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முயல் கூண்டு உண்டு. ஐப்பசி அடைமழையில் ஓரிரவு அதன் பின்கால் முறிந்து, கூண்டு சாய்ந்துவிட்டது. நெளிந்த கதவின் இடுக்கு வழியே குட்டி ஒன்று வெளியேறிவிட்டது. நல்லவேளையாக, பூனைக்கு முன்னால் என் மகள் அதைக் கண்டுபிடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "போன வருஷந்தானே அப்பா பெயிண்ட் அடிச்சீங்க?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. முறிந்த காலை எடுத்துப் பார்த்தேன். வெளியே பச்சைப் பெயிண்ட் பளபளத்தது. உள்ளே மரம் பழுப்பாகி, சிறுசிறு கட்டங்களாக வெடித்திருந்தது. விரலால் நசுக்கினால் பொடியாயிற்று.

மாணவர்களே, மரத்தைத் தின்பது தண்ணீர் அன்று, பூஞ்சை. மரத்திலுள்ள செல்லுலோஸைச் சிதைத்து உண்டுவிட்டு, பழுப்பான லிக்னினை மிச்சம் வைக்கும் இனம் இது. அது வாழ ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் உலர் எடையில் நீர் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை தலைகாட்டாது. நீரில் முற்றிலும் மூழ்கிய மரத்திலோ அதற்குக் காற்று போதாது. வெனிஸ் நகரக் கட்டடங்களைத் தாங்கும் மரக்கழிகள் பல நூற்றாண்டுகளாகப் பூஞ்சைக்குத் தப்பி நிற்பது இதனால்தான். மண்ணில் ஊன்றிய காலுக்குத் தரைமட்டத்தில் இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. எங்கள் கூண்டின் கால் முறிந்ததும் சரியாக அங்கேதான்!

ஈரம் எப்படி ஏறிற்று? நுண்புழை ஏற்றம் பற்றிப் படித்திருப்பீர்கள். குழாய் குறுகக் குறுக நீர் உயரும். 0.1 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்குக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 30 செ.மீ. வரும். மரமோ இத்தகைய நுண்குழாய்களின் கட்டு. அவை அடிவெட்டில் வாய் திறந்திருக்கின்றன. நான் நான்கு பக்கமும் பெயிண்ட் அடித்தேன், அடிவெட்டை விட்டுவிட்டேன். கீழே குடித்த நீர் பக்கவாட்டில் ஆவியாக வழியில்லை. என் பெயிண்ட் காப்பாற்றியது பூஞ்சையைத்தான்.

பழுதுபார்க்கும்போது திருப்புளியால் குத்திப் பார்த்தேன். எளிதாக இறங்கிய இடமெல்லாம் கெட்ட மரம். பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியும் ஓடியிருக்கும். ஆகையால் நல்ல மரத்திலும் ஒரு சாண் சேர்த்து அறுத்தேன். கூண்டைத் தாழ்வாரத்தில் மூன்று வாரம் உலரவிட்டேன். பிறகு பழைய காலிலும் புதுத் துண்டிலும் பாதிக் கனத்தைச் செதுக்கி, ஒன்றோடொன்று படியவைத்து, இரண்டு போல்ட்டுகளால் முடுக்கினேன். புதுத் துண்டு, பழைய ஜன்னல் சட்டத்தில் எடுத்த வைரம் பாய்ந்த தேக்கு. அடிவெட்டுக்கு மூன்று பூச்சு. இப்போது நான்கு கால்களும் மண்ணில் இல்லை, கருங்கல்மேல் நிற்கின்றன. கூரைத் தகரத்தையும் ஒரு சாண் வெளியே நீட்டிவிட்டேன்.

கீலையோ மரத்துக்கான பூஞ்சைக்கொல்லியையோ உட்புறம் பூசிவிடாதீர்கள். முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வதால் அது எட்டியதையெல்லாம் கொறிக்கும். மருந்து அதன் வயிற்றுக்குப் போகும்.

மார்கழியில் திருப்புளியோடு மறுபடி சுற்றிவந்தேன். அடித்தட்டின் ஒரு மூலையில் அது சற்றே இறங்கிற்று. முயல்கள் வழக்கமாகச் சிறுநீர் கழிக்கும் மூலை! அங்கே பலகையை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடித்து, கீழே ஒரு தட்டு வைக்கப் போகிறோம். தட்டைக் கழுவும் வேலை என்னுடையது என்று மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.