பிட்காயினும் புனைபெயரும்

"பிட்காயின்ல யார் யாருக்குப் பணம் அனுப்புறாங்கன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாதாமே?" கிரிப்டோ பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடும். உண்மை கிட்டத்தட்ட நேர் எதிர். 2009 ஜனவரி 3-இல் உருவான முதல் பிளாக்கிலிருந்து இன்று வரை நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையும், தொகையோடும் நேரத்தோடும், யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கக்கூடிய ஒரே பேரேட்டில் இருக்கிறது. அதில் இல்லாதது பெயர் மட்டும்தான். பெயருக்குப் பதிலா ஒரு முகவரி இருக்கும்.

அதாவது இது அநாமதேயம் இல்லை, புனைபெயர். சுஜாதா என்பவர் ரங்கராஜன்தான் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், சுஜாதா பேரில் வந்த பழைய கதைகளும் சேர்ந்தே ரங்கராஜனுடையவை ஆகிவிடும். பிட்காயின் முகவரியும் அப்படித்தான். ஒரே ஒரு இடத்தில் உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டால் போதும், முன்னாடி நடந்ததும் இனி நடக்கப்போவதும் உங்கள் கணக்கில் சேரும்.

முகவரிகளை எப்படி ஒன்று சேர்க்கிறார்கள்?

பிட்காயினில் வங்கி மாதிரி "மீதி இருப்பு" என்று ஒன்று கிடையாது. பர்ஸில் இருக்கும் நோட்டுகள் மாதிரி தனித்தனித் துண்டுகள்தான் இருக்கும். என்னிடம் ஒரு முகவரியில் 0.3, இன்னொன்றில் 0.5 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 0.6 கொடுக்கணும். வாலட் இரண்டு துண்டையும் உள்ளே போட்டு, 0.6-ஐ அவருக்கு அனுப்பி, கட்டணம் 0.0002 போக மீதிச் சில்லறை 0.1998-ஐ என்னுடைய புது முகவரி ஒன்றுக்குத் திருப்பும்.

வெளியிலிருந்து இதைப் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? முதலில், இரண்டு துண்டும் ஒரே பரிவர்த்தனையில் செலவானதால் இரண்டு முகவரிக்கும் சாவி ஒருத்தரிடம்தான் இருக்கணும். இந்தப் பலவீனத்தை சதோஷி நகமோட்டோவே 2008 வெள்ளை அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறார். அடுத்து, சில்லறை எது? ரவுண்டாக இருக்கும் 0.6 விலை மாதிரித் தெரிகிறது, 0.1998 மிச்சம் மாதிரித் தெரிகிறது. தவிர, 0.1998 தான் கொடுத்த தொகை என்றால் 0.3 துண்டு ஒன்றே போதுமே, 0.5-ஐ எதுக்கு உடைக்கணும்? ஆக, மூன்று முகவரிகளும் ஒரே ஆளுடையவை. இது நூறு சதவீத நிரூபணம் இல்லை, ஊகம்தான். ஆனால் கோடிக்கணக்கான பரிவர்த்தனைகளில் ஓட்டும்போது ஆச்சரியமாக வேலை செய்கிறது.

2013-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் சாரா மைக்கிள்ஜானும் சக ஆய்வாளர்களும் இதைச் செய்து காட்டினார்கள். எக்ஸ்சேஞ்சுகள், கடைகள், சூதாட்டத் தளங்கள் என்று பல இடங்களில் தாங்களே சின்னச் சின்னதாகப் பணம் கொடுத்து வாங்கினார்கள். அதிலிருந்து எந்தக் கூட்டம் யாருடையது என்று பெயர் ஒட்டினார்கள். திருட்டுப் பணம் கடைசியில் எக்ஸ்சேஞ்சுகளில் போய் விழுவதையும் தொடர்ந்து காட்டினார்கள். எக்ஸ்சேஞ்சில்தான் கேஒய்சி இருக்கிறது. இன்று இதே வேலையைச் செய்வதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன.

பேரேடு மறக்காது

ஜேம்ஸ் ஜாங் என்ற அமெரிக்கர் 2012-இல் சில்க் ரோடு தளத்தின் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தி சுமார் 50,000 பிட்காயினை எடுத்தார். 2021 நவம்பரில் அவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். தரைக்கடியில் இருந்த பெட்டகத்திலும், குளியலறை அலமாரியில் இருந்த பாப்கார்ன் டின்னுக்குள் போர்வைக்கடியில் கிடந்த சின்ன கம்ப்யூட்டரிலும் அவை கிடைத்தன. இடையில் 9 வருஷம். இங்கே கவனிக்க வேண்டியது, 2012-இல் இல்லாத கருவிகளை வைத்து 2012-இன் பரிவர்த்தனையைப் படிக்க முடிகிறது என்பதுதான். இன்று நாம் செய்வதையும் பத்து வருஷம் கழித்து வரும் கருவிகள் படிக்கும்.

நமக்கென்ன, நாம திருடனா?

நியாயமான கேள்வி. கோயம்புத்தூரில் இருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்து பிட்காயினில் சம்பளம் வாங்கும் ஒரு டிசைனரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே முகவரியைக் கொடுத்தால், ஒவ்வொரு வாடிக்கையாளரும் மற்றவர் கொடுத்த கூலியையும் மொத்தச் சேமிப்பையும் பார்க்கலாம். நம்ம பாஸ்புக்கை வீட்டு வாசல்ல ஒட்டி வைக்கிற மாதிரி.

இதைவிடப் பெரிய ஆபத்து உடம்புக்கு. 2020-இல் லெட்ஜர் என்ற ஹார்ட்வேர் வாலட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. சுமார் 2.7 லட்சம் பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் வெளியே வந்தன. அதற்கும் பேரேட்டுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் "யாரிடம் கிரிப்டோ இருக்கு" என்ற பட்டியல் அது. 2025 ஜனவரியில் அதே நிறுவனத்தின் இணை நிறுவனர் ஒருவரை பிரான்சில் கடத்தி, விரலை வெட்டி, கிரிப்டோவில் பிணைத்தொகை கேட்டார்கள். போலீஸ் அவரை மீட்டது. எவ்வளவு வலுவான பாஸ்வேர்டும் இந்த மாதிரி ஆளிடம் உதவாது. நம்மிடம் இருப்பது தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

என்ன செய்யலாம்?

1. ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி. நல்ல வாலட்டுகள் தானாகவே தரும். சமூக வலைத்தளத்தில் முகவரியைப் போடாதீர்கள்.

2. துண்டுகளைக் கண்டபடி சேர்க்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று குறிப்பு எழுதி வைத்து, எதைச் செலவழிப்பது என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். இதற்குப் பெயர் காயின் கன்ட்ரோல்.

3. மொபைல் வாலட் பெரும்பாலும் ஏதோ ஒரு சர்வரிடம் "இந்த இருபது முகவரியில் எவ்வளவு இருக்கு?" என்று கேட்கும். அந்த இருபதும் ஒருத்தருடையது என்று சர்வருக்குத் தெரிந்துவிடும், கூடவே ஐ.பி. முகவரியும். முடிந்தால் சொந்த நோடு வையுங்கள், இல்லாவிட்டால் டோர் வழியாகப் போங்கள்.

4. காயின்ஜாயின்: பலர் சேர்ந்து ஒரே பரிவர்த்தனையில் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்வது. 2013-இல் கிரெகரி மேக்ஸ்வெல் முன்வைத்தது. ஆனால் பிரித்த துண்டுகளை அப்புறம் நீங்களே ஒன்று சேர்த்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

5. மொனேரோவில் உண்மையான துண்டோடு 15 போலிகளைக் கலந்து காட்டுவார்கள், தொகையும் மறைந்திருக்கும். ஜீகேஷில் மறைத்தும் அனுப்பலாம், திறந்தும் அனுப்பலாம். 7.35 உள்ளே போய் அரை மணி நேரத்தில் 7.35 வெளியே வந்தால் எந்தக் கணிதமும் காப்பாற்றாது.

கடைசியா ஒன்று. நம்ம ஊரில் 2022 பட்ஜெட்டிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்பனையில் 1 சதவீத டிடிஎஸ். 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகளைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். மேலே சொன்ன எதுவும் இதிலிருந்து தப்பிக்கும் வழி அல்ல. எல்லாவற்றையும் கணக்கில் காட்டிவிட்டு, அதே கணக்கை வாடிக்கையாளரும் கடைக்காரரும் முகம் தெரியாத திருடனும் படிக்காமல் பார்த்துக்கொள்ளலாம். அரசாங்கத்துக்குச் சம்பளத்தைச் சொல்கிற நாம் தெருவுக்கெல்லாம் சொல்வதில்லையே, அதே அளவுதான் இங்கேயும்.

இதில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறதென்றால் முதலாவதைச் செய்யுங்கள். காசு செலவில்லை, பெரிய அறிவும் தேவையில்லை. இன்றைக்கே தொடங்கிவிடுவது நல்லது, ஏன்னா ஏற்கெனவே பேரேட்டில் பதிந்துபோனதை யாராலும் அழிக்க முடியாது.