முதல் வரியிலேயே தடுக்கும் ஜாவா

கம்ப்யூட்டர் திரையில் 'வணக்கம்' என்ற ஒற்றைச் சொல்லை வரவழைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் ஜாவா மொழியில் பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்த விதத்தில், முதலாண்டு மாணவர் அதற்கு முன் ஒரு 'கிளாஸ்' எழுதி, அதற்குள் 'பப்ளிக் ஸ்டேடிக் வாய்ட் மெயின்' என்று மந்திரம் ஓத வேண்டும். அர்த்தம் கேட்டால், "அப்புறம் சொல்கிறேன்." புரியாததை மனப்பாடம் செய்வதே முதல் பாடம்.

இத்தனைக்கும் விஷயம் அப்படியொன்றும் கடினமல்ல. 1960களில் நார்வேயின் டால், நைகார்ட் இருவரும் சிமுலா மொழியில் விதைத்தது. வங்கிக் கணக்கு என்றால் இருப்புத் தொகையும், பணம் போடும் எடுக்கும் வேலைகளும் ஒரே பொட்டலம். அதுதான் ஆப்ஜெக்ட். அதை வார்க்கும் அச்சுதான் கிளாஸ். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் இதற்காகவே 'ப்ளூ' என்ற மொழியை உருவாக்கிய மைக்கேல் கோலிங்கும் ஜான் ரோஸன்பர்கும், பிறகு மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் அதே உத்தியை ஜாவாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1999ல் வந்தது 'ப்ளூஜே'. இதில் மந்திரம் கிடையாது. திரையில் 'வட்டம்' என்ற கிளாஸ் ஒரு பெட்டியாக நிற்கும். மாணவர் மவுஸைத் தட்டினால் ஒரு வட்டம் பிறக்கும். மறுபடி தட்டினால் இன்னொன்று. ஒன்றை வலப்பக்கம் நகரச் சொன்னால் அது நகரும்; மற்றது அசையாது. கொழுக்கட்டை அச்சு வேறு, கொழுக்கட்டை வேறு என்பது ஐந்தே நிமிடத்தில் கண்ணெதிரே தெரிந்துவிடும். கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்கினாலும் இது வராது. ப்ளூஜேயை விட்டு வெளியே வந்தால் மந்திரம் காத்திருந்தது என்பது வேறு கதை.

ஆப்ஜெக்டைத்தான் முதலில் கற்பிக்க வேண்டுமா என்பதிலேயே சண்டை. 2011ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் அதை முதலாண்டிலிருந்தே தூக்கியது. பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும் இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு இந்த முறை ஒத்துவராது என்பது அங்குள்ள பேராசிரியர் ராபர்ட் ஹார்ப்பரின் வாதம். நியாயம் இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போகும் இடத்தில் ஜாவாவைத் தவிர்ப்பது அத்தனை சுலபமல்ல.

ஜாவாவே கடைசியில் இறங்கி வந்தது. 1995ல் அறிமுகமான மொழி, 2025 செப்டம்பரில் வெளியான 25ம் பதிப்பில்தான் புதியவர்களுக்கு விலக்கு அளித்தது. சிறிய புரோகிராமுக்குக் கிளாஸ் எழுத வேண்டாம், 'பப்ளிக் ஸ்டேடிக்' வேண்டாம். 'வாய்ட் மெயின்' மட்டும் இன்னும் உண்டு.