கோணைக் கடலிற் கோடை விடுமுறை

இலண்டனில் வாழும் நம் உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு டிசெம்பர் விடுமுறையைத் திருக்கோணமலையிற் கழிப்பதெனத் தீர்மானித்து, நிலாவெளிக் கரையிலே கடலை நோக்கிய அறைகள் இரண்டை முன்பணம் கட்டிப் பதிவு செய்தார். புறாத்தீவுக்குப் படகுப் பயணம், மூச்சுக்குழாய் பூட்டி நீந்தல், நீர்ச்சறுக்கு என்று பிள்ளைகள் ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தனர். தங்கிய ஆறு நாட்களும் அவர்கள் கண்டது சாம்பல் நிற வானமும், மதில்போல் எழுந்து கரையில் மோதிய அலைகளுமே. ஒரு படகேனும் கடலில் இறங்கவில்லை. வாடைக் காலத்திலே கிழக்குக் கரைக்கு வந்தால் வேறென்ன நடக்கும்? நம்மிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நாம் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டதோடு சரி.

ஆகவே கடலாடத் திட்டமிடுவோர் முதலிற் பார்க்கவேண்டியது ஓட்டலின் தரத்தையன்று, காற்றின் திசையையே. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் ஜனவரி வரையில் காற்றும் அலையும் கடலிலிருந்து நேரே நம் கரையை நோக்கி வருகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை நிலைமை தலைகீழ். தென்மேற்குக் காற்று காலியிலும் இக்கடுவையிலும் கடலைக் கொந்தளிக்கச் செய்து, மலைநாட்டிலே மழையை உதிர்த்துவிட்டு, வறண்ட கச்சானாக இங்கு வந்து சேர்கின்றது. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோர நீர் தட்டிலே வார்த்த எண்ணெய்போல் அசைவின்றிக் கிடக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கென வெளிநாடுகளிலிருந்து வருவோருக்கு இஃது ஒரு வாய்ப்பு. தேர் பார்த்த கையோடு திருக்கோணமலைக்கு வந்துவிடலாம்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது புறாத்தீவு. அங்கே கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். வெள்ளையர் ஆட்சியில் துப்பாக்கிப் பயிற்சிக்கு இலக்காக இருந்த இத்தீவு 2003ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக்கப்பட்டது. முழங்காலளவு நீரைத் தாண்டியதும் பவளப் பாறை தொடங்கிவிடும். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் பக்கத்தால் விலகிப் போகும். அவற்றைத் துரத்தாதவரை அவை நம்மைப் பொருட்படுத்துவதில்லை. 1998இல் கடல் வெப்பமேறி இலங்கையின் பவளப் பாறைகள் பல வெளுத்து மடிந்தபோது தப்பிப் பிழைத்தவற்றுள் இதுவும் ஒன்று. வெப்பத்துக்குத் தப்பியது மனிதர் காலுக்குத் தப்புமோ என்பதே நம் கவலை. பவளம் கல்லன்று, உயிர். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்றிமீற்றர் அளவே வளரும். களைத்துப்போன ஒருவர் அதன்மேல் ஏறி நிற்க, ஒரு தலைமுறையின் வளர்ச்சி ஒரு நொடியில் நொறுங்குகின்றது. ஏறி நிற்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நிற்பதில்லை; நீந்தத் தெரியாமையால் நிற்கின்றார்.

அஃது வெளிநாட்டுப் பிள்ளைகளின் குறை மட்டுமன்று. வகுப்பிலே, நீந்தத் தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரத்தின் மாணவர்கள். உயர்ந்த கைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்! எனவே ஆடம்பர ஓட்டலுக்குப் பணம் கொடுப்பவர்கள் அங்குள்ள நீச்சற் குளத்தை முதல் இரண்டு நாளும் பள்ளிக்கூடமாக்கிக் கொள்வார்களாயின், கொடுத்த பணம் வீண்போகாது.

திமிங்கிலம் காண விரும்புவோர் மார்ச் முதல் ஆகஸ்ட் வரையில் வரலாம். துறைமுக வாயிலிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு தொடங்குவதால், நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் கரைக்கு அண்மையிலே வருகின்றன. முக்குளிக்கத் தேர்ந்தவர்க்கோ கோணேசர் மலையடிவாரமே போதும். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் 1956ஆம் ஆண்டு ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அங்கேதான் நீருக்கடியிற் கண்டனர். உருளை பூட்டி முக்குளித்தவர்கள் அன்றே விமானம் ஏறலாகாது. ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். கன்னியா வெந்நீரூற்றுக்களைப் பிற்பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

நிற்க. அதே உறவினர் பின்னர் ஓர் ஆகஸ்டில் மீண்டும் வந்தார். இம்முறை நம்மைக் கேட்டே வந்தார். காற்றைப்பற்றி நாம் சொன்னது பாதிதான் என்பதை மூன்றாம் நாளே உணர்ந்தோம். பிற்பகல் இரண்டு மணி. பதினொரு வயதுப் பையன் காற்றடைத்த மெத்தையொன்றின்மேல் படுத்து மிதந்துகொண்டிருந்தான். கடலில் அலையே இல்லை. நாமெல்லாம் தாழை நிழலிலிருந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தோம். கச்சான் காலையில் தூங்கி நண்பகலுக்குப் பின் எழும்புவது. அன்றும் எழும்பிற்று. தரைக்காற்று கரையோரத்தில் அலையை எழுப்புவதில்லை. மிதப்பதை மட்டும் சத்தமின்றி வெளியே தள்ளிச் செல்லும். தாய் நிமிர்ந்து பார்த்தபோது மெத்தை ஒரு சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது. பையன் குதித்து நீந்தி வர முயன்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எழுதக் கை வரவில்லை. நல்லவேளை, அவன் பயந்து மெத்தையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர் இருவர் வள்ளத்தைத் தள்ளி இறக்கிப் போய் அவனை ஏற்றி வந்தனர். உறவினர் நீட்டிய பணத்தை மூத்தவர் வாங்கவில்லை. “தம்பி, பின்னேரத்தில் காத்தடைச்ச சாமானைக் கடல்ல இறக்காதேங்கோ. விடியப் புறம் வாங்கோ, நானே தீவுக்குக் கூட்டிக்கொண்டு போறன்” என்றார். தேநீர் மட்டும் குடித்தார்.

மெத்தை அன்றே காற்றிறக்கிப் பெட்டிக்குள் போயிற்று. பையன் அடுத்த இரண்டு நாளும் குளத்தில் மல்லாந்து மிதக்கப் பழகினான். மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு, மிதவை அங்கி அணிந்து, அந்த வள்ளத்திலேயே புறாத்தீவுக்குப் புறப்பட்டான். கச்சான் எழும்புமுன், பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள்.