கோபுரத்தின் கண்ணில் படாத டிரோன்

"அண்ணே, பின்னால ஃபிளைட் இறங்கணும், முன்னால பொண்ணு மாப்பிள்ளை நிக்கணும். டிரோன்ல எடுத்துக் குடுங்க." விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் பக்கம் கல்யாணம் என்றாலே யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். பினாங்கில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். என் பதில், அனுமதி இல்லாமல் முடியாது. சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல.

400 அடிக்கு, அதாவது 120 மீட்டருக்கு மேல் போகாவிட்டால் பிரச்சினை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். இறங்கும் விமானம் மூன்று டிகிரி சரிவில் வருகிறது. ஓடுபாதை முனைக்கு 2 கிலோமீட்டர் இருக்கும்போது அதுவும் ஏறக்குறைய 120 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். வேகமோ வினாடிக்குச் சுமார் 70 மீட்டர். போதாததற்கு, ரிமோட் திரையில் தெரியும் உயரம் டிரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்காகிறது. 20 மாடி கொண்டோவின் மொட்டை மாடியிலிருந்து ஏற்றினால், திரை 60 மீட்டர் காட்டும்போதே தரையிலிருந்து 120-ஐத் தொட்டிருக்கும்.

விமான நிலையக் கோபுரத்தில் இருக்கும் விமானக் கட்டுப்பாட்டாளருக்கு இது எதுவும் தெரியாது. விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர், நான் யார், எந்த உயரத்தில் இருக்கிறேன் என்று ரேடாருக்குப் பதில் சொல்லும். கல்யாணத்துக்கு நாங்கள் பறக்கவிடும் டிரோனில் அது கிடையாது. ரேடார் அலை பட்டாலும் பறவையோடு பறவையாக வடிகட்டப்பட்டுவிடும். பெரும்பாலும் விமானி கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. சொன்ன பிறகும் அது எங்கே போனது, திரும்பி வருமா என்பது தெரியாது. எனவே கட்டுப்பாட்டாளர் இறங்க வந்த விமானத்தை மறுபடி மேலே ஏறச் சொல்வார். அடுத்ததை வட்டமடிக்க வைப்பார். எரிபொருள் குறைந்தால் விமானி வேறு ஊருக்குத் திருப்புவார்.

2019 ஜூனில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் டிரோன் தென்பட்டபோது ஓர் ஓடுபாதையை அவ்வப்போது மூடினார்கள். 37 விமானங்கள் தாமதமாயின. அங்கே இன்னோர் ஓடுபாதை இருந்தது. பினாங்கில் இருப்பது 3,352 மீட்டர் நீளமுள்ள ஒன்றே ஒன்று. அதை மூடினால் விமான நிலையமே நின்றுபோகும். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் அப்படித்தான் நின்றது. சுமார் 1,000 விமானங்களும் 140,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர்.

பிளாஸ்டிக்தானே, என்ன செய்துவிடும்? 2018-இல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு கிலோகூட இல்லாத டிரோனை, மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில், சிறு விமானத்தின் இறக்கைமீது ஏவிப் பார்த்தார்கள். முன்விளிம்பைக் கிழித்து உள்ளே புகுந்து, இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தையும் அது சேதப்படுத்தியது.

விமான நிலைய வான்வெளியில் டிரோன் பறக்க மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். 2016 விதிமுறைகளை மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அனுமதித் தாளை வெறும் தொல்லையாக நான் பார்ப்பதில்லை. எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு உயரம் என்பது முன்பே தெரிந்தால்தான் விமானங்களையும் நம்மையும் பிரித்து வைக்க முடியும். அதனால், அனுமதி கேட்க நேரம் இருக்கும்படி, கல்யாணத் தேதி குறித்தவுடன் சொல்லுங்கள் என்கிறேன். கடைசி வாரத்தில் வருகிறவர்களுக்குத் தரையில் நின்றே எடுத்துத் தருகிறேன்.