தட்டையா, இட்லியா?

‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818-ல் வெளியிட்ட ராமர் காசு வீட்டில் இருக்கிறது. இணையத்தில் பல லட்சம் விலை சொல்கிறார்களே, உண்மையா?’ என்று ஒரு வாசகர் கேட்கிறார். சொல்வார்கள், கொடுக்க மாட்டார்கள். கம்பெனி சென்னையில் அடித்த வராகனில் பெருமாள் உண்டு. ராமர் பட்டாபிஷேகக் காசு எதையும் அது வெளியிடவில்லை. பிற்காலத்தில் யாரோ அடித்துவிட்ட வில்லை அது. பழைய காசு விற்றுத் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று தன் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களை நம்பாதீர்கள் என ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

நிஜமாகவே புழங்கிய காசுக்குத்தான் அறிவியல் வேண்டும். 11.66 கிராம் எடையுள்ள விக்டோரியா வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். அது வார்த்ததல்ல, அடித்தது. தட்டை தட்டும்போது மாவு நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடுமே, அச்சுக்கடியில் வெள்ளியும் அப்படித்தான் ஓடுகிறது. ஓடி ஓடி எஃகு அச்சையே ஆரம் ஆரமாக அரித்துவிடுகிறது. அந்த நுண்கோடுகள் அடுத்தடுத்த காசுகளில் பதிகின்றன. புதுக்கருக்கு மாறாத காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால், இரண்டு ஒளிக்கீற்றுகள் நடுவை மையமாக வைத்துச் சுற்றிவரும்.

வார்த்த போலியோ இட்லி. குழியில் ஊற்றியது, எனவே ஓட்டக் கோடு இல்லை. காற்றுக்குமிழி விட்ட துளைகள் உண்டு. ஆறும்போது சுருங்குவதால், அசலையே அச்செடுத்து வார்த்திருந்தாலும் விட்டம் துளி குறையும். பழசாகக் காட்ட மேலே தடவிய கறுப்பை மிளகாய்ப்பொடி என்று வைத்துக்கொள்ளலாம். துளை இட்லிக்குப் பெருமை, ரூபாய்க்கு அவமானம்.

அசையாத படத்தில் ஒளி சுற்றாது. ஆகவே விற்பவரிடம் காசைச் சாய்த்துக் காட்டும் வீடியோ கேளுங்கள். கைமாறித் தேய்ந்த அசலிலும், புளி போட்டுத் துலக்கிய அசலிலும் இந்த ஒளி போயிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரலாறு கொஞ்சம்: கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழங்காலக் காசுகளுக்குத் தானே அச்சு வெட்டி அடித்தார். இரும்புத்தூளோடு பெட்டியிலிட்டு, குதிரை வண்டியில் குலுக்கிப் பழசாக்கினார் என்பார்கள். அடித்த போலியை வார்ப்புச் சோதனை பிடிக்காது.

காசு எப்படிப் பிறந்தது என்பதை உலோகம் சொல்லும். எப்போது, யார் யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லாது. அதற்குப் பழைய ரசீதோ ஏலப் பட்டியல் படமோ வேண்டும். சான்றிதழ் காட்டினால், அதன் எண்ணை விற்பவர் அனுப்பும் இணைப்பில் சரிபார்க்காதீர்கள். வழங்கிய நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய், அங்குள்ள படத்தோடு காசைக் கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். படமே இல்லையென்றால், அந்தச் சான்றிதழ் இந்தக் காசுக்கு உரியதுதான் என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.