ஆக்சலாட்டலின் நிறம் மங்கினால் மருந்து ஊற்றலாமா?

வண்ணமீன் வளர்க்கும் விவசாயிகள் சிலர் அண்மைக்காலமாக ஆக்சலாட்டல் பற்றிக் கேட்கிறார்கள். 'நடக்கும் மீன்' என்று கடைகளில் சொன்னாலும் இது மீன் அல்ல. தவளையைப் போல நீர்நில வாழ்வன வகை. ஆனால் வாழ்நாள் முழுவதும் வெளிச்செவுள்களோடு தண்ணீரிலேயே இருக்கும்.

சென்ற கோடையில் ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். ஆக்சலாட்டல் வெளுத்துவிட்டதாக நினைத்து, மீனுக்கான மருந்தைத் தொட்டியில் ஊற்றியிருந்தார்கள். நான் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் 30 டிகிரி செல்சியஸ். நெல் இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, வேரில் நீர் தேங்கியதா என்று பார்த்த பிறகுதானே உரமிடுகிறோம்? இதற்கும் அதுவே வழி.

பிறவி நிறம் எது?

காட்டு இனம் கரும்பழுப்பாக, பொன் புள்ளிகளோடு இருக்கும். வெள்ளை அல்லது வெளிர் ரோஜா உடலும் கருப்புக் கண்ணும் கொண்டது ஒரு வகை. கண்ணிலும் கருநிறமி இல்லாதது அல்பினோ. மினுமினுப்பே இல்லாமல் முழுக் கருப்பாக இருப்பது மற்றொன்று. இவை பரம்பரை நிறங்கள், நோய் அல்ல. கருநிற வகைகள் தொட்டியின் அடித்தளத்துக்கு ஏற்பச் சில நாட்களில் ஓரளவு வெளிறவும் கருக்கவும் செய்யும். அதுவும் இயல்பே.

எப்போது கவலைப்பட வேண்டும்?

செவுள் இறகுகளின் சிவப்பு, உள்ளே ஓடும் ரத்தத்தின் நிறம். ஓய்வில் இருக்கும்போது அது மங்கும், நீந்தினால் சிவக்கும். மங்கிய செவுளோடு இரையும் எடுக்காமல் இருந்தால் கவனியுங்கள். செவுள்கள் முன்பக்கம் வளைந்திருந்தால் நீரோட்டம் வேகமாக இருக்கலாம். வால் நுனி சுருள்வதும் உளைச்சலின் அடையாளம். செவுளில் பஞ்சு போல வெள்ளை படிந்தால் அது பூஞ்சை. சூடான, அழுக்கான தண்ணீரில் இது எளிதில் வரும்.

உடனே செய்ய வேண்டியவை

* வெப்பநிலையை அளந்து பாருங்கள். 16 முதல் 18 டிகிரி ஏற்றது. 24-ஐத் தாண்டினால் ஆபத்து.
* அமோனியா, நைட்ரைட் அளவைச் சோதியுங்கள். இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.
* குளோரின் நீக்கிய, அதே குளிர்ச்சியுள்ள தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றுங்கள்.
* செதில் இல்லாத இதன் மெல்லிய தோல் மருந்தை எளிதில் உறிஞ்சும். தாமிரம், மாலகைட் பச்சை கலந்த மீன் மருந்துகளைத் தவிருங்கள்.
* பொடிக் கற்களைப் போடாதீர்கள். இரையோடு சேர்த்து விழுங்கிவிடும்.
* குஞ்சுகளை நெருக்கமாக விடாதீர்கள். ஒன்றின் காலை மற்றொன்று கடித்துவிடும். கால் மீண்டும் வளரும் என்றாலும் புண்ணில் நோய் தொற்றலாம்.

தொழிலாக்கலாமா?

நம் கோடையில் தண்ணீரை 18 டிகிரியில் வைக்கக் குளிர்விப்பான் இரவு பகலாக ஓட வேண்டும். மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடும் தேவை. இந்தச் செலவைக் கணக்கிட்ட பிறகே இறங்குங்கள். சட்டத்தையும் மறக்க வேண்டாம். இது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினம். 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதையும், கைமாற்றுவதையும், குஞ்சு பிறப்பதையும் அரசுக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். வாங்குமுன் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வளர்க்க முடியவில்லை என்று அடையாற்றிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் அது பிழைக்காது. அதனிடம் நோய் இருந்தால் நம் தவளைகளுக்கும் பரவலாம்.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரில் உள்ள சோச்சிமில்கோ; உழவர்கள் மிதவைத் தோட்டம் போன்ற மேட்டுப் பாத்திகளில் காய்கறி விளைவிக்கும் கால்வாய்ப் பகுதி. அங்கே உணவுக்காக விடப்பட்ட கெண்டையும் ஜிலேபி மீனும் பெருகி, தண்ணீரும் மாசுபட்டதால் ஆக்சலாட்டல் அழிவின் விளிம்புக்குப் போனது. இன்று அந்த உழவர்களே, தங்கள் பாத்திகளை ஒட்டிய வாய்க்கால்களில் அந்த மீன்கள் நுழையாதபடி தடுப்பு வைத்து, விஞ்ஞானிகளோடு சேர்ந்து அதற்கு இடம் ஒதுக்கிக் காக்கிறார்கள்.