மலையடிவாரத்தில் ஒரு தொலைநோக்கி

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதலே லென்ஸ் தொலைநோக்கி கொண்டு சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். மலைக்குக் கீழே தேனியில் அதே வகைக் கருவியைப் புதிதாக வாங்குபவர், பகலிலேயே தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியை, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் நடுவில் நிறுத்தி, குழாய்மேல் உள்ள குறிநோக்கியையும் அதே உச்சிக்குத் திருகி வைத்துவிட வேண்டும்.

700 மி.மீ. குவியத் தூரமுள்ள குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் 28 மடங்கு காட்டும். நிலாப் பள்ளங்களுக்கு அது தாராளம். 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு, சனியின் வளையமே தெரியும்.

கம்பம் பள்ளத்தாக்கில் யோசித்து வாங்க வேண்டியது தாங்கியைத்தான். துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சை நிறுத்த வேண்டிய வகை இங்கே சிரமம்; அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 10 பாகைதான். வடக்கே மலை நின்றால் மறைந்துவிடும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கியே போதும்.

சூரியனைப் பார்க்க, முன்பக்க லென்ஸை முழுதும் மூடும் வடிகட்டி கட்டாயம். ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி சூட்டில் விரிசல் விட்டால் பார்வையே போய்விடும். அதைத் தொடவே கூடாது.